சஸ்காச்சுவான் சின்ன ஊர்கள்: குழாயைத் திறந்து காட்டிய பெரியவர்

லாரிக்காரன்

இந்தத் திரியில் ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், மெல்வில்லில் இருந்து மேற்கே பதினைந்தாம் நம்பர் ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்த எழுத்து வரிசை ஊர்களில் ஒன்று. மூன்று வருஷம் ஆகியும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி மாதம், மைனஸ் 34. வண்டியில் டீசல் கெட்டிப்பட்டு நின்றுவிட்டது. ஆள் வர நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். காபி குடிக்கப் போன இடத்தில் காபி ரோ நடந்துகொண்டிருந்தது, தெரியும்தானே, ஊர்ப் பெரிசுகள் எல்லாம் ஒரே மேஜையில், தலையில் விதைக் கம்பெனித் தொப்பி, தோல் குவளையில் பகடையைக் குலுக்கித் தோற்றவன் எல்லோருக்கும் காசு கொடுக்க வேண்டும். என்னையும் உட்கார வைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே ஒன்பது காபியும் என் தலையில்.

அதில் மூத்தவர் கேட்டார், எந்த நாடு, எந்த ஊர், கல்யாணம் ஆச்சா, பிள்ளைகள் இருக்கா என்று. ஆறு வயசில் ஒன்று, எட்டில் ஒன்று என்றேன். மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து "ரெண்டு" என்றார். அப்புறம்தான் விளங்கியது, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடுவதா வேண்டாமா என்று தலை எண்ணிக்கொண்டிருந்த வருஷம் அது.

பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வீட்டைக் காட்டினார். அவருடைய அக்கா வீடாம். அக்கா போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஆளில்லாத வீட்டுக்கு இரண்டு குளிர்காலமாகக் காசு கட்டி வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை ஓட்டிக்கொண்டிருக்கிறார், பைப் உறைந்து வெடித்துவிடக் கூடாது என்று. நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். கொஞ்சம் இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. "பார், வருது" என்று என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தானியம் எடை போட்ட சீட்டின் பின்பக்கம் நம்பர் எழுதிக் கொடுத்தார். நான் கூப்பிடவே இல்லை.

ரெஜைனா அக்கா

தம்பி, இதுவே உறுத்தினால் நான் என்ன சொல்ல. 1993இல் இந்த மாகாணத்தில் ஒரே மூச்சில் 52 கிராம ஆஸ்பத்திரிகளை மூடினார்கள், அல்லது வெறும் ஹெல்த் சென்டராக மாற்றினார்கள். நான் நர்ஸாக வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. தப்பிப் பிழைத்த ஒன்றில்தான் வேலை. டாக்டர் இல்லாத ராத்திரி, எமர்ஜென்சிக் கதவில் "இன்று மூடல்" அட்டையை மாட்டச் சொன்னார்கள். நான் அதை மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து நிற்கிறார், ஒரு கையில் துண்டு சுற்றியிருக்கிறது, மறு கையில் ரொட்டிப் பை. பைக்குள் பனிக்கட்டி, அதற்குள் விரல். அட்டையைப் படித்தார். "சரி" என்றார். திரும்பிப் போய்த் தானே வண்டியை எடுத்தார். அடுத்த ஆஸ்பத்திரி தொண்ணூறு கிலோமீட்டர். ஓடிப்போய்க் கைக்கு வேறு கட்டாவது போட்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

பழைய வரைபடம்

எழுத்து வரிசை ஊர்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், அது சும்மா அமைந்ததில்லை. கிராண்ட் ட்ரங்க் பசிபிக் ரயில்வே 1907-08 வாக்கில் தண்டவாளம் போட்டுக்கொண்டே போனபோது ஸ்டேஷனுக்குப் பெயர் யோசிக்க நேரமில்லாமல் ஆங்கில அகரவரிசையிலேயே வைத்துக்கொண்டு போனார்கள். ஃபென்வுட், குடீவ், ஹப்பர்ட், இட்டுனா, ஜாஸ்மின், கெலிஹர், லெராஸ் என்று எஃப்பில் இருந்து எல் வரை வரும். பிறகு பன்னிச்சி, குவின்டன், ரேமோர், செமன்ஸ், டேட். கடைசியில் வாட்ரஸ், ஜீனா (Xena), யங், ஜெல்மா. எக்ஸுக்குக்கூட ஓர் ஊர் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள். இசட் முடிந்ததும் ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று மறுபடி முதலில் இருந்து. நடுவில் நொக்கோமிஸ் வந்து வரிசையைக் கெடுக்கும், அது வேறு கதை. மெல்வில் என்பது அந்தக் கம்பெனித் தலைவர் சார்ல்ஸ் மெல்வில் ஹேஸின் பெயர். மனுஷன் 1912இல் டைட்டானிக்கோடு போய்விட்டார்.

என் அனுபவம் என்றால், அந்தப் பாதையில் ரயிலில் போனபோது என் மகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தாள். இரண்டு எழுத்துக்கு ஊரே வரவில்லை. புல்லும் ஒரு கான்கிரீட் அடித்தளமும்தான். "அப்பா, இது எந்த எழுத்து?" என்றாள்.

வன்னியன் வீடு

பழைய வரைபடம் அண்ணை, 1907 எண்டு தொடங்கினால் எப்பிடி? அந்த ரயில் வர முன்னம் அது ஆருடைய நிலம்? நாலாவது ஒப்பந்தம் 1874 செப்டம்பரில் கப்பெல் கோட்டையில் கைச்சாத்தானது, கிரீ, சோட்டோ எண்ட பூர்வகுடி மக்களோடு. அதுக்குப் பிறகுதான் பத்து டொலர் கட்டினால் 160 ஏக்கர் எண்டு ஐரோப்பாக்காரரைக் கூப்பிட்டது. பன்னிச்சிக்குப் பக்கத்தில்தான் கோர்டன்ஸ் வதிவிடப் பள்ளி, பிள்ளைகளைத் தாய் தகப்பனிட்ட இருந்து பிரிச்சு வச்ச இடம், அது மூடினது 1996இல்.

அந்தப் பக்கம் பெற்றோல் அடிக்க நிண்டனான். கவுண்டரில் ஒரு கிரீ அம்மா. கதையோடு கதையாக, இங்க ஆக்கள் எல்லாம் குறைஞ்சு போச்சுதாமே எண்டு கேட்டேன். மிச்சக் காசை எண்ணிக்கொண்டே சொன்னா, "எந்த ஆக்கள்? எங்கட பக்கம் பள்ளிக்கூடத்தில இடம் காணாது." சொந்த ஊரை விட்டு வந்தவன் நான், எனக்கு அந்தக் கேள்வி வாயில் வந்திருக்கக் கூடாது.

அண்ணன் சொல்றேன்

எல்லோரும் சோகமாக எழுதுகிறீர்கள், ஒருத்தரும் உருப்படியாக ஒன்று சொல்லவில்லை. ஒரு தடவை செமன்ஸ் தாண்டிப் பனியில் மாட்டிக்கொண்டேன், ஒரு விவசாயி டிராக்டரால் இழுத்துவிட்டார், காசு வாங்கவில்லை, அவ்வளவுதான் என் கதை. ஆனால் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கேளுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே விடாதீர்கள், பெரும்பாலான ஊர்களில் பங்க்கே கிடையாது, இருந்தாலும் ராத்திரி கார்டு போட்டால்தான் பம்ப் திறக்கும். ராத்திரி நிறுத்தினால் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைச் சொருகுங்கள். டிக்கியில் கம்பளி, மண்வாரி, ஒரு காபி டின், அதற்குள் தடிமனான மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. ஒரு மெழுகுவர்த்தி காருக்குள் எவ்வளவு சூடு தரும் என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், ஜன்னலை மட்டும் ஒரு விரல் இறக்கி வையுங்கள். மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். அதோ விளக்குத் தெரிகிறதே என்று தோன்றும், அந்தச் சமவெளியில் தெரிகிற விளக்கு பத்து கிலோமீட்டரில் இருக்கும். எஞ்சினை ஓட்டினால் முதலில் புகைக்குழாயைச் சுற்றி இருக்கிற பனியை வாரி அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் புகை உள்ளே வந்து தூக்கத்திலேயே போய்விடுவீர்கள். லாரிக்காரத் தம்பி, டீசலில் குளிர்கால மருந்து ஊற்றவில்லையா நீ?

ஒமாஹா மாணவன்

இது கனடா திரியா? நான் பார்த்தது நெப்ராஸ்காவில் மொனோவி. 1930களில் நூற்றைம்பது பேர் வரை இருந்த ஊர், 2010 கணக்கெடுப்பில் ஒரே ஒரு பாட்டி. அவர்தான் மேயர், அவர்தான் அங்கே இருந்த ஒரே உணவுக்கடைக்கு முதலாளி. இறந்துபோன கணவரின் புத்தகங்களை வைத்து ஒரு நூலகம் வேறு. நாங்கள் போனபோது இருட்டிவிட்டது, கடை பூட்டியிருந்தது. பச்சைப் பலகையில் ஊர் பெயர், கீழே 1. நண்பன் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கும்போது "இப்போ அஞ்சு" என்று கத்தினான், எல்லோரும் சிரித்தோம். தூரத்தில் ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது, அவருக்குக் கேட்டிருக்குமோ என்று வண்டியில் ஏறின பிறகுதான் தோன்றியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே 2 என்று வந்தது. தனி ஆள் விவரம் வெளியே தெரியக் கூடாது என்று எண்ணைக் கொஞ்சம் கலைத்துப் போடுவார்களாம்.

கோதுமை

ஆஸ்பத்திரி மூடினார்கள், பள்ளிக்கூடம் மூடினார்கள் என்று அழுகிறவர்கள் கணக்கைப் பாருங்கள். 1931இல் சஸ்காச்சுவானில் 9,21,785 பேர், கனடாவிலேயே மூன்றாவது பெரிய மாகாணம். 2021இல் 11.3 லட்சம். மாகாணம் காலியாகவில்லை, பாதிப் பேர் சாஸ்கடூனிலும் ரெஜைனாவிலும் குவிந்துவிட்டார்கள். 1936இல் 1,42,000 பண்ணைகள், இப்போது 34,000 சொச்சம். 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்று தொடங்கியது, இன்றைக்குச் சராசரிப் பண்ணை 1,700 ஏக்கருக்கு மேல். குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிப் போய் ஒரே நாளில் வீடு திரும்ப வேண்டும் என்றுதான் ஏழெட்டு மைலுக்கு ஓர் ஊர் வைத்தார்கள். குதிரை போன அன்றைக்கே முக்கால்வாசி ஊருக்கு வேலை முடிந்துவிட்டது. தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை 1897இல் வந்தது, அதை 1995இல் எடுத்தார்கள், மிச்சமும் முடிந்தது. இதில் யாரைத் திட்டுவது?

இவ்வளவு பேசுகிற நானே, தானியம் சேர்த்து வைக்கும் எலிவேட்டரை இடிக்கிற நாளில் வாய் திறக்காமல்தான் நின்றேன். பலகைகளைப் படுக்கைவசமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அறைந்த கட்டடம், அதனால் நொறுங்கவில்லை. அடியை அறுத்துவிட்டுத் தள்ளினார்கள், எட்டு மாடி உயரம் இருக்கும், அப்படியே பெட்டி மாதிரிச் சாய்ந்து படுத்தது. புறாக்கள் எழும்பி, இருந்த இடத்துக்கு நேர் மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தன. உட்கார ஒன்றுமில்லை. மாவு வாசனை மறுநாள்வரை சட்டையில்.

லாரிக்காரன்

அண்ணே, மருந்து ஊற்றினேன், பத்தவில்லை. விடுங்கள்.

கோதுமை சொல்கிற கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெரியவர் கணக்கில் என் பிள்ளைகள் இரண்டு. எத்தனை நாள் அதை அழிக்காமல் வைத்திருந்தார் என்றுதான் யோசிக்கிறேன்.

போன நவம்பரில் ராத்திரி அந்த வழியாகப் போனேன். ரோட்டில் இருந்தே அந்த வீடு தெரியும். ஜன்னலில் விளக்கு இல்லை. பக்கவாட்டில் ஃபர்னஸ் குழாயில் இருந்து ஆவி வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. யாராவது குடி வந்து தூங்குகிறார்களா, இல்லை அவர்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாரா, தெரியவில்லை. நிறுத்திப் பார்த்திருக்கலாம். பின்னால் இன்னொரு லாரி வந்துகொண்டிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டு இன்னும் தலைக்கு மேலே வைசரில் சொருகியபடிதான் இருக்கிறது. பென்சில் எழுத்து, கடைசி எண் ஒன்றா ஏழா என்று இப்போது படிக்க முடியவில்லை.