அறுகம்குடாக் கடற்கரைக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

லிந்துலை வாசகர் கேட்கிறார்:

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நானும் மனைவியும் இரு பிள்ளைகளும், எழுபது வயதைக் கடந்த அம்மாவும் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவுக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். பிள்ளைகள் அலைச்சறுக்கலையும், மணலிலேயே மேசை போட்டு இசை ஒலிக்கவிடும் பீச் கிளப்புகளையும் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அங்கேதான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள்.

என் கவலை அம்மாவைப் பற்றியது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தே காலம் கழித்த அவர் கடலைப் பார்த்தது ஒரேயொரு முறைதான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்லும் அந்த ரயிலில் தலைமன்னார் வரை கூடவே போய், கப்பல் கண்ணுக்கு மறையும்வரை அழுதுவிட்டுத் திரும்பியிருக்கிறார். கடல் என்றால் அவருக்கு இன்றுவரை அதுதான். ஒரு முறையாவது அவர் கடலில் கால் நனைத்துச் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கிளப்புகளுக்கு முன்னாலுள்ள மணலில், எதுவும் வாங்காமல், சேலை உடுத்திய ஒரு முதியவர் பாய் விரித்து உட்காரலாமா? நீந்தத் தெரியாதவர்களுக்கு அந்தக் கடல் ஏற்றதா? சில ஆண்டுகளுக்கு முன் தெற்குக் கரையில் ஓரிடத்தில், சாய்வுக் கதிரைகளுக்கு அருகே உட்கார்ந்ததற்காக என்னையும் பிள்ளைகளையும் எழுப்பிவிட்டார்கள். அம்மாவின் கண்முன்னே அப்படி நடந்தால் என்னால் தாங்க முடியாது.

பதுளை வேன் ஓட்டுநர்:

தம்பி, பயணத்துக்கு நீங்கள் தெரிவு செய்திருக்கும் மாதம் மிகச் சரியானது. தென்மேல் பருவமழையில் லிந்துலையும் ஹட்டனும் நனைந்துகொண்டிருக்கும்போது, கிழக்குக் கரையில் வெயில் அடிக்கும், காற்றும் அலையும் அலைச்சறுக்கலுக்கு வாய்ப்பாக இருக்கும். ஆனால் சறுக்குவோர் தேடி வரும் அலைதான் நீந்தத் தெரியாதவர்களுக்கு ஆபத்து என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அறுகம்குடாவின் பெரிய அலை எழும் முனையில் நீருக்கடியில் பாறையும் பவளமும் இருக்கின்றன. அங்கே குளிக்க இறங்கவே கூடாது.

நம் பிள்ளைகள் ஆற்றிலும் ஓடையிலும் குளித்துப் பழகியவர்கள். ஆறு ஒரே திசையில் இழுக்கும், ஆகவே கரையைப் பார்த்து நீந்தினால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். கடலில் கரைக்கு வந்த நீர் ஓரிடத்தில் ஒடுங்கி வெளியே பாயும்போது, அந்த நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவர் களைத்துப் போய்விடுவார். அதில் அகப்பட்டால் எதிர்க்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு குறைந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். புறப்படும் முன் இதைப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுங்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை நான் பாசிக்குடாவையே சொல்வேன். அங்கே வெகுதூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவது அரிது, பருவகாலத்தில் அலையும் குளத்தைப் போல அடங்கியிருக்கும். நுவரெலியாவிலிருந்து பதுளைக்கு வரும் ஏ5 சாலையே பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடி வரை நீள்கிறது. அங்கிருந்து வடக்கே திரும்பினால் வாழைச்சேனை, அதையடுத்துப் பாசிக்குடா. அறுகம்குடா என்றால் பசறையில் பிரிந்து மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகல வழியாகப் பொத்துவில் போக வேண்டும். அந்த வழியில் மாலை மங்கிய பிறகு வண்டி ஓட்டாதீர்கள், லாகுகலப் பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கும். (பிபிலையில் தோடம்பழம் வாங்க மறக்க வேண்டாம், அந்த ஊரின் பெயரே அதனால்தான் எல்லோருக்கும் தெரியும்.)

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி:

அண்ணா, உங்களை எழுப்பிவிட்டவர்கள் செய்தது தவறு. கடலோர மணல் அரசுக்குரியது, அதில் நடப்பதற்கும் உட்காருவதற்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடலின் பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வரையறுத்திருக்கிறது. அந்த வலயத்துக்குள் எவரும் தம் விருப்பப்படி கட்டடம் எழுப்ப முடியாது. கிளப்புக்குச் சொந்தமானவை கதிரையும் குடையும் மேசையும்தான். அவற்றில் உட்கார்ந்தால் உணவோ பானமோ வாங்க வேண்டியிருக்கும் என்பது நியாயமே. அப்படி உட்காருவதானால், விலைப்பட்டியலைப் பார்க்கும்போது பத்து வீதச் சேவைக் கட்டணம் தனியே சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் சென்ற ஆண்டு அறுகம்குடாவில், மீனவர்கள் படகுகளை ஏற்றி வைத்திருக்கும் பக்கத்தில் பாய் விரித்தோம். அங்கே எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்திலிருந்த மீனவப் பெண் ஒருவர் என் மாமியாருக்குத் தேநீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். ஊரின் பழைய பெயர் உல்லை. பொத்துவில் பக்கத்து மக்கள் பேசுவதும் தமிழ்தான், அதனால் அம்மா தம் மொழியிலேயே எல்லாரோடும் பேசலாம். அகன்ற மணல் உல்லாசப் பயணிகளுக்காக மட்டும் இருப்பதன்று. கிழக்குக் கரையில் கரைவலை இழுப்பதற்கும் வலை காயவைப்பதற்கும் படகு ஏற்றுவதற்கும் அந்த அகலம் வேண்டும். அதிகாலையில் எழுந்து போனால் அம்மா அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம், கிளப்புகளின் இசையும் அந்நேரம் இருக்காது. போயா எனும் முழுநிலா தினத்தில் மது விற்பனைக்குத் தடை இருப்பதால் இரவும் அமைதியாக இருக்கும், ஆனால் பஸ்களில் அன்று நெரிசல் அதிகம்.

பொத்துவிலில் கற்பிக்கும் ஹட்டன்காரர்:

சேலையோடு குளிப்பவர்களைப் பாசிக்குடாவில் நாள்தோறும் காணலாம், உங்கள் அம்மா தனியாகத் தெரியமாட்டார். அங்கே பெரிய ஹோட்டல்கள் வந்த பிறகும், பொதுமக்கள் இறங்கிக் குளிக்கும் பகுதி குடாவின் ஒரு பக்கத்தில் இருக்கிறது, அங்கேயே போங்கள். இரண்டு இடத்தையும் பார்க்க விரும்பினால், பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகக் கரையோரமாகவே பொத்துவிலுக்கு வந்துவிடலாம். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலும் கடலோரத்தில்தான் இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை செல்வோர் தங்கிச் செல்லும் உகந்தை முருகன் கோயில் பாணமைக்கு அப்பால் இருக்கிறது, அம்மாவுக்குப் பிடித்துப்போகும். ஆனால் இரண்டு நாளில் இவை அனைத்தையும் திணிக்காதீர்கள், வயதானவருக்கு வண்டிப் பயணமே பெரும் அலுப்பு.

லிந்துலை வாசகர் மீண்டும்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் இரவு பாசிக்குடாவில் அம்மாவுக்காக, இரண்டாம் இரவு அறுகம்குடாவில் பிள்ளைகளுக்காக என்று முடிவு செய்திருக்கிறோம். திருக்கோவிலில் மட்டும் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போவோம். வார இறுதியில் செல்லாமல் செவ்வாய்க்கிழமை காலை புறப்படுகிறோம். அம்மாவிடம் சொன்னபோது, அந்தத் தண்ணீரும் தலைமன்னார்த் தண்ணீரும் ஒன்றுதானா என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். நேற்றே பாயைத் துவைத்துவிட்டார். இங்கே மழை விடாததால் அது இன்னும் அடுப்படியில்தான் தொங்குகிறது.