விலைச்சீட்டு படிக்க முடியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் மளிகைச் சாமானைத் தானே பார்த்து வாங்க வேண்டும் என்பார். முன்பு பொருளின் மேலேயே விலை ஒட்டியிருக்கும். கண்ணருகே வைத்துப் படித்துவிடலாம். 1974-இல் கல்லாவுக்கு பார்கோடு வந்த பிறகு அந்த வழக்கம் மெல்லக் குறைந்து, இப்போது விலை அலமாரி விளிம்போடு நின்றுவிட்டது. கீழ்த்தட்டு என்றால் அவரால் குனிந்து பார்க்கவே முடியாது.

இன்னொரு சிக்கல், பொட்டல அளவு. 450 கிராமும் 500 கிராமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. எது மலிவு என்று காட்டும் அலகு விலையோ எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். அதிலும் ஒரு சீட்டில் கிலோ கணக்கு, பக்கத்துச் சீட்டில் 100 கிராம் கணக்கு. எனக்கே குழம்புகிறது.

பெரிய எழுத்து, எல்லாச் சீட்டிலும் ஒரே அலகு என்று கடை மேலாளரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இப்படிக் கேட்டு யாராவது மாற்ற வைத்திருக்கிறீர்களா? எப்படி எழுதினீர்கள்? அப்புறம், சீட்டைக் கேமராவில் காட்டினால் விலையை வாசித்துச் சொல்லும் நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள். தமிழில் வாசித்தால் அம்மாவுக்குப் பெரிய உதவி.