முதல் வருஷமே காலேஜ் ஃபுட்பால் லெவன்ல ஆட வைக்கிறோம்னு சொல்றாங்க, நம்பிச் சேர்க்கலாமா?

குடமுருட்டி:
அக்கா பையன், பாபநாசம் பக்கம். பிளஸ் டூ முடிச்சுட்டான். ஃபுட்பால்ல லெஃப்ட் பேக், அதாவது இடது ஓர டிஃபெண்டர். ஸ்கூல் டீம்ல மாவட்டப் போட்டி வரைக்கும் போயிருக்கான், கோடையில ஊர் ஊரா செவன்ஸ், டீமுக்கு ஏழு பேர் ஆடுறது. இப்ப ரெண்டு காலேஜ் கூப்பிடுது. திருச்சியில ஒண்ணு: டியூஷன் ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் பாதி, முதல் வருஷமே லெவன்ல, அதாவது களத்துல இறங்குற 11 பேர்ல, இறக்குறோம்னு கோச் வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனார். தஞ்சாவூர்ல இன்னொண்ணு: ஃபீஸ்ல கொஞ்சம் குறைப்பாங்களாம், ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. பையன் திருச்சின்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். சேர்றதுக்கு முன்னால என்னென்ன கேக்கணும்? எதை எழுதி வாங்கலாம்?

வெண்ணாறு:
"லெவன்ல இறக்குறோம்"ங்கிறதைக் காதுலயே போட்டுக்காதீங்க. லெஃப்ட் பேக்ல இப்ப ஆடுறது யாரு, எந்த வருஷம் படிக்கிறான், அவனுக்கு அடுத்து பெஞ்சுல யாருன்னு கேளுங்க. பேரோட பதில் வந்தா, அந்த இடத்துக்கு ஆள் வேணும்னு யோசிச்சுத்தான் கூப்பிட்டிருக்காங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு வந்தா, உங்க பையன் எண்ணிக்கைக்குத்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 10 பேரை ஃபுட்பாலுக்குன்னு எடுத்தா மூணு வருஷத்துல 30 பேர். ஆடப்போறது 11. அரியர் வச்சவன், அட்டெண்டன்ஸ் இல்லாதவன், முட்டி போனவன், பாதியில நின்னவன் எல்லாம் கழியும்னு தெரிஞ்சுதான் கூடுதலா எடுக்கிறாங்க. அந்த 10 பேர் வீட்டுலயும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாங்க.

இன்னொண்ணு யாரும் கேக்கறதில்ல. இன்டர் யுனிவர்சிட்டிக்கு (பல்கலைக்கழகங்களுக்கு இடையில நடக்கிற போட்டி) வயசு வரம்பு ஜூலை 1 கணக்குப்படி 17லேருந்து 25. அதனால நல்லா ஆடுற ஃபைனல் இயர் பையனுக்கு எம்.ஏ.வோ எம்.காமோ சீட்டு குடுத்து இன்னும் 2 வருஷம் கையிலேயே வச்சுக்குவாங்க. உங்க 18 வயசுப் பையன் முட்டி மோத வேண்டியது 22, 23 வயசு உடம்போட. "அந்த லெஃப்ட் பேக் இந்த வருஷத்தோட போயிடுவான்"னு சொன்னா, "பி.ஜி. இங்கேயேதானா?"ன்னு விடாம கேளுங்க.

காலமும் குறைச்சல். சேர்க்கை முடிஞ்சு கிளாஸ் தொடங்கவே ஜூலை ஆயிடும். காலேஜ் போட்டிகளைப் பெரும்பாலும் ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள முடிக்கத்தான் பாப்பாங்க. நடுவுல ரெண்டு மாசம், அவ்வளவுதான். அதுக்குள்ள ஒரு பின்வரிசையோட பழகி, யார் ஏறினா யார் நிக்கணும்னு பிடிபடுறது சாமானியமில்ல. ஃபார்வர்டா இருந்தா கடைசி 20 நிமிஷம் இறக்கிப் பாப்பாங்க. ஓடுற டிஃபென்ஸைக் கோச் லேசுல கலைக்கமாட்டார். கோல்கீப்பர் கதை அதைவிட மோசம்.

கோட்டுக்கு வெளியே:
வெண்ணாறு சொன்னது சரி. ஆனா எனக்கு லெவனைவிட சர்டிபிகேட்தான் கவலை. ஆட்டம் மூணு வருஷம், வேலை அதுக்கப்புறம்.

மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுல யுனிவர்சிட்டி டீம்ல ஆடினவங்களுக்குப் படிவம் 3ன்னு ஒரு சர்டிபிகேட் உண்டு. அதுல கையெழுத்துப் போட வேண்டியது பல்கலைக்கழகத்தோட விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி, காலேஜ் பிரின்சிபால் இல்ல. காலேஜ் டீமுக்கு மூணு வருஷம் முழுசா ஆடினாலும் இந்தப் படிவம் வராது. மாநில அரசு வேலையில இருக்கிற 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விதியும் படிவமும் தனி. அந்தந்த அறிவிப்பைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

இப்ப உங்க ரெண்டு காலேஜும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருதான்னு பாருங்க. வந்தா யுனிவர்சிட்டி டீம் ஒண்ணே ஒண்ணுதான். அத்தனை காலேஜ் பசங்களும் அந்த ஒரே டீமுக்குத்தான் மோதணும், திருச்சியில இருந்தாலும் தஞ்சாவூர்ல இருந்தாலும் வரிசை ஒண்ணுதான். அங்க பசங்களைப் பாக்கிறது காலேஜ் போட்டிகள்ல. பெரிய டீம்ல பெஞ்சுல உக்காந்தவனைவிட, சுமாரான டீம்ல 90 நிமிஷம் ஓடினவன் கண்ணுல படுவான். ரெண்டுல ஒண்ணு நிகர்நிலைப் பல்கலைக்கழகமா இருந்தா கணக்கே மாறிடும். அவங்க டீம்தான் யுனிவர்சிட்டி டீம், இன்டர் யுனிவர்சிட்டிக்கு நேரா போவாங்க. ஃபீஸ் கூடன்னு ஒதுக்கிடாம, இதையும் தராசுல வச்சுப் பாருங்க.

அடுத்து காகிதம். போட்டிக்குக் குடுக்கிற தகுதிப் படிவத்துல பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் பத்தாவது மார்க் ஷீட்டோட ஒத்துப்போகணும். மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னால, ஆதார்ல அப்பா பேர் முழுசா பின்னாலன்னு இருக்கிறது நம்ம பக்கம் சகஜம். போட்டிக்கு முந்தின நாள் அதை வச்சுப் பேரை நிறுத்தினா ஒண்ணும் பண்ண முடியாது. ஆதார் திருத்தத்தை இப்பவே முடிச்சுடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காலேஜ்ல குடுத்தா ரசீது வாங்குங்க, குடுக்கறதுக்கு முன்னால நாலு செட் ஜெராக்ஸ்.

ஸ்டாப்பர் பேக்:
பையனோட ஆட்டத்தைப் பத்தி யாருமே பேசலியே! செவன்ஸ்னு சொன்னீங்க, அங்கதான் சிக்கல். அறுப்பு முடிஞ்ச வயல்ல, சின்ன கட்டத்துல, பல ஊர்ல ஆப்சைடே பாக்காம ஆடுறது. அதுல பழகின பேக் ஆளை ஒட்டியே ஓடுவான். பெரிய கிரவுண்டுல மத்த மூணு டிஃபெண்டரும் ஒரே கோட்டுல மேல ஏறும்போது இவன் மட்டும் ரெண்டு எட்டு பின்னால நிப்பான், எதிராளியை ஆப்சைடுல மாட்டுற அந்தக் கோடு உடைஞ்சுடும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வருஷப் பையனை இறக்கத் தயங்குவாங்க. இன்னைக்கே லெவன்ஸ் ஆடுற கிளப் ஏதாவது பாத்து சேத்து விடுங்க. 12 நிமிஷ ஓட்டம் பாருங்க. இந்த வயசுக்கு 2,700 மீட்டர் தாண்டினா நல்ல கணக்கு. 2,400 தாண்டலைன்னா ஓவர்லாப் (ஓரமா முன்னால ஓடி அட்டாக்ல சேர்றது) ஏறிட்டுத் திரும்பி வர மூச்சு இருக்காது. இடது கால் ஆட்டக்காரனா? உண்மையான இடது கால்னா பேரம் பேச உங்க கையில ஏதோ இருக்கு, அந்த வகை ஆள் கிடைக்கிறது அபூர்வம்.

செலக்‌ஷன்னு ஒரு நாள் கூப்பிட்டு ஓட விடுறதை வச்சு ரெண்டு பக்கமும் முடிவெடுக்கக் கூடாது. ஒரு வாரம் டீமோட பிராக்டிஸ் பண்ண விடுங்கன்னு கேளுங்க. மாட்டோம்னு சொன்னா அதுவே ஒரு பதில்தான். அந்த வாரத்துல பையன் ஹாஸ்டல் மெஸ்ல ரெண்டாம் வருஷத்துப் பசங்களோட உக்காந்து சாப்பிடட்டும். எத்தனை பேரைச் சேத்தாங்க, எத்தனை பேர் இன்னும் பூட்ஸ் மாட்டுறாங்கன்னு அங்க தெரிஞ்சுடும்.

தஞ்சாவூருக்கு வீட்டுலேருந்து போய் வரலாம்னு நினைச்சா, காலை பிராக்டிஸ் எத்தனை மணிக்குன்னு பாத்துக்குங்க. 6 மணின்னா பாபநாசத்துலேருந்து 4.30க்கே எழுந்திருக்கணும். ஒரு மாசம் தாங்குவான், மழையில தாங்கமாட்டான்.

குடமுருட்டி:
ரொம்ப நன்றி. இடது கால்தான்! எழுதி வாங்கறதைப் பத்தி மட்டும் சொல்லுங்க. கேட்டா கோச் கோவிச்சுக்குவாரோன்னு அக்கா பயப்படுறாங்க.

வெண்ணாறு:
ஆட்டத்தை எந்தக் கோச்சும் எழுதித் தரமாட்டார், தரவும் கூடாது. பணத்தை எழுதி வாங்கலாம், அதுக்குக் கோவிச்சுக்க ஒண்ணுமில்ல. கோச் கையெழுத்து வேண்டாம், காலேஜ் லெட்டர்பேட்ல பிரின்சிபால் கையெழுத்து. கோச் பல இடத்துல கான்ட்ராக்ட்தான், அடுத்த வருஷம் வேற காலேஜ்ல இருப்பார். அரசுக் கல்லூரின்னா பி.டி. சாருக்கே டிரான்ஸ்ஃபர் வரும். ஆள் போனா வாக்கும் கூடவே போயிடும்.

டியூஷன் ஃபீஸ் இல்லைங்கிறது மூணு வருஷத்துக்குமா, முதல் வருஷத்துக்கு மட்டுமா? பரீட்சைக் கட்டணம் யாரு கட்டறது? ஹாஸ்டல் பாதின்னா ரூம் வாடகையில பாதியா, மெஸ் பில்லையும் சேத்தா? பெரிய தொகை மெஸ்தான், அதை வாயைத் திறந்து கேட்டாத்தான் சொல்லுவாங்க. அடிபட்டு ஒரு சீசன் ஆடலைன்னா சலுகை தொடருமா? முட்டி லிகமென்ட் போனா மைதானத்துக்குத் திரும்ப 9 மாசம் ஆகலாம், அந்தச் செலவு யாருது? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவா பதில் வந்தா நல்ல இடம்.

அட்டெண்டன்ஸையும் கேட்டுடுங்க. போட்டிக்குப் போற நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, கிளாஸுக்கு வந்த கணக்கு) தருவாங்க, பிராக்டிஸுக்குத் தரமாட்டாங்க. காலைல ஓடிட்டு முதல் பீரியட்ல தூங்கினா 75 சதவீதம் நவம்பர்ல இடிக்கும். அதனால எந்த குரூப்ல சேக்கிறாங்கன்னு பாருங்க. மதியம் முழுக்க லேப் இருக்கிற பி.எஸ்சி.ல போட்டுட்டா சாயங்கால பிராக்டிஸுக்கு அவன் எப்பப் போவான்? வேற குரூப் கேட்டு வாங்குங்க, சேர்க்கை லிஸ்ட் மூடறதுக்குள்ள.