வல்லேஹோ பெயின்ட் திரிந்துபோனது, மேட் கோட் வெள்ளை பூத்தது. எங்கே தவறு?

கடற்கரை_72

வணக்கம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/72 அளவு சீ ஹாரியர் போர் விமான பிளாஸ்டிக் மாடல் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா விமானம் தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விராட்டில் வேலை பார்த்தவர். மேலே கரும் சாம்பல், அடியில் வெள்ளை, வாலில் பாயும் வெள்ளைப் புலி என்று அவர் பார்த்த அந்தப் பழைய வண்ணத்திலேயே செய்து அவர் கையில் கொடுக்க ஆசை.

முதலில் ஏர்பிரஷில் அடிக்க, வல்லேஹோ கம்பெனியின் மாடல் கலர் பெயின்ட்டில் மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்தேன். கப்பிலேயே பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகி, பெயின்ட் வெளிவரும் முனையான நாசில் அடைத்துக்கொண்டது. அதே ஆல்கஹாலை டாமியா கம்பெனி பெயின்ட்டில் கலந்தால் அருமையாக அடிக்கிறது. இரண்டும் அக்ரிலிக்தானே?

சரி என்று டாமியாவிலேயே விமானத்தை முடித்து, டீக்கால் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய படலம்) ஒட்டி, பளபளப்பில்லாத மேட் பூச்சுக்காக டாமியாவின் எக்ஸ்-22 கிளியரும் எக்ஸ்-21 ஃப்ளாட் பேஸும் சரிபாதி கலந்து, அதே ஆல்கஹாலில் நீர்க்கக் கரைத்து அடித்தேன். அன்று சென்னையில் காலையிலிருந்து மழை. அரை மணி நேரத்தில் சாம்பல் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. திருநீறு பூசிய மாதிரி இருக்கிறது. புலி எங்கே என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டுமா?

பழைய_கம்ப்ரசர்

தம்பி, எதையும் சுரண்ட வேண்டாம். புலி உள்ளே பத்திரமாக இருக்கிறது.

முதல் கேள்விக்கு வருகிறேன். அக்ரிலிக் என்று பெயர் ஒன்றுதான், புட்டிக்குள் இருப்பது வேறு. டாமியா பெயின்ட் ஆல்கஹால் வகைக் கரைப்பானில் கரைந்திருப்பது. அதனால் அதன் சொந்தத் தின்னரான எக்ஸ்-20ஏ, ஐசோபுரோப்பைல், மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் எல்லாம் அதற்கு ஒத்துப்போகும். வல்லேஹோ தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள். ஆல்கஹால் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்த கட்டி அதுதான். அதற்கு வல்லேஹோவின் சொந்தத் தின்னரும், பெயின்ட் சீராக ஓட உதவும் ஃப்ளோ இம்ப்ரூவர் ஓரிரு துளியும் போதும்.

விகிதம் கேட்டால் எண் சொல்லத் தயங்குவேன், ஏனென்றால் புட்டிக்குப் புட்டி கெட்டி மாறும். டாமியாவுக்குப் பெயின்ட்டும் தின்னரும் ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்குவேன். அப்புறம் பிரஷால் கலவையைக் கப்பின் சுவரில் ஏற்றிவிட்டுப் பார்ப்பேன். டம்ளரில் காய்ச்சிய பால் வழிந்து இறங்குமே, மெல்லிய படலம் ஒன்றை விட்டுவிட்டு, அப்படி இறங்க வேண்டும். தண்ணீராக ஓடினால் தின்னர் அதிகம். பிளாஸ்டிக்கில் பட்டதும் சிலந்திக்கால் போல நாலாபக்கமும் ஓடும். மோர்க்குழம்பாக நின்றால் போதாது. எனக்கு 0.3 மி.மீ. நாசிலில் காற்றழுத்தம் 15 பி.எஸ்.ஐ. டாமியாவுக்கும், 20 வல்லேஹோவுக்கும் ஒத்துவருகிறது. வல்லேஹோ ஊசி முனையில் சீக்கிரம் காயும். தின்னர் தொட்ட காது பஞ்சால் அடிக்கடி துடைத்துக்கொண்டே அடியுங்கள். ஏப்ரல், மே வெயிலில் டாமியாவும் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும், தடவினால் உப்புத்தாள். அந்த மாதங்களில் நான் லெவலிங் தின்னருக்கு மாறிவிடுவேன். அதில் காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் இருக்கிறது.

இனி அந்த வெள்ளை. எக்ஸ்-21 தனியாக அடிக்கும் வார்னிஷ் இல்லை, மேட் ஆக்குவதற்கான பொடி கலந்த சேர்மானம். புட்டி அடியில் வெள்ளையாகத் தங்கியிருக்கும். நான் எக்ஸ்-22 நாலு துளிக்கு எக்ஸ்-21 ஒரு துளிக்கு மேல் போடுவதில்லை. சரிபாதி போட்டால் பொடி மேலே துருத்திக்கொண்டு நிற்கும், வெளிச்சம் சிதறும், கறுப்புக்கும் கரும் சாம்பலுக்கும் மேல் வெள்ளையாகத்தான் தெரியும். மழையும் சேர்ந்திருக்கலாம்: ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு குளிரும், ஈரக்காற்று அதில் பனியாகப் படியும்.

இதைச் செய்து பாருங்கள். சிறகின் அடியில், வெள்ளையும் சாம்பலும் சேரும் ஓரத்தில், வெறும் எக்ஸ்-22 ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் இரண்டு பங்கு கலந்து லேசாக ஒரு பூச்சு. பளபளப்பு பொடிக்கு இடையே உள்ள பள்ளங்களை நிரப்பியதும் கீழே இருக்கும் நிறம் திரும்பி வரும். வந்தால் முழு விமானத்துக்கும் அப்படியே. டீக்கால் மேல் மட்டும் முதலில் தூறலாக இரண்டு முறை, ஒரேயடியாக ஈரமாக வேண்டாம். லெவலிங் தின்னர் டீக்காலைச் சுருக்கிவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லெவலிங் தின்னர் ஆவி தலைக்கு ஏறும், தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. சாமி விளக்கு எரியும் அறையிலோ அடுப்பு பக்கத்திலோ அடிக்கவே கூடாது.

கோவை_பிளாஸ்டிக்

அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை (லாக்கர் பெயின்ட் கரைப்பான்) மாடல் மேல் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஆனால் வல்லேஹோ கட்டி அடைத்த நாசிலைச் சுத்தம் செய்ய அதுதான் நல்லது. ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டு உலோகப் பாகங்களை மட்டும் ஊற வையுங்கள். மழைக்காலத்தில் கம்ப்ரசரின் தண்ணீர் வடிகட்டியையும் அடிக்கடி திறந்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை கிளியர் கோட் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து விழுந்தது.

கடற்கரை_72

முதலில் சாம்பல் அடித்து, வெள்ளை பூக்க வைத்த பிளாஸ்டிக் கரண்டிகளில் பார்த்தேன், அப்புறம் சிறகின் அடியில். கண்ணெதிரே வெள்ளை கரைந்து சாம்பல் மேலே வந்தது. நேற்று முழு விமானமும் முடிந்தது. புலியின் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. மேட் கோட் அடிக்க எத்தனை நாள் விட வேண்டும்?

பழைய_கம்ப்ரசர்

இந்த ஈரத்தில் மூன்று நாளாவது விடுங்கள். விரல் வைத்துப் பார்க்காதீர்கள், கரண்டியை முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை இருக்கும்வரை அது காயவில்லை. எக்ஸ்-21-ஐ அடிவரை கலக்கி, நாலுக்கு ஒன்று. மழை நின்ற நாளில், முதலில் கரண்டி மேல்.