‘பொய்வேர்’ அல்லது ‘தரைகீழ்க் காம்பு’: புற்றுக்காளான் உறுப்புக்கான கலைச்சொல்

வணக்கம்.

புற்றுக்காளான்களின் விளக்கக் குறிப்புகளில், மண்ணுக்குள் நீண்டு கிடக்கும் ‘சூடோரைசா’ என்னும் பகுதிக்குப் ‘பொய்வேர்’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. மூலச்சொல்லின் இரு கூறுகளையும் (சூடோ – பொய், ரைசா – வேர்) அது பிழையின்றித் தருகிறது. ஆயினும், அந்த உறுப்பு உருவாகும் முறையைக் கருதினால் ‘வேர்’ என்பதையே தவிர்ப்பது நல்லது என எனக்குத் தோன்றுகிறது.

புற்றுக்காளான்கள், அதாவது டெர்மிட்டோமைசிஸ் பேரினத்துக் காளான்கள், கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தில் முளைவிடுகின்றன. அங்கிருந்து காம்பு மேல்நோக்கி நீண்டு, மண்ணைத் துளைத்து வெளிவந்த பிறகே குடை விரிகிறது. ஆகவே, வேர்போல் நமக்குத் தோன்றுவது கீழிருந்து ஏறிவந்த காம்பின் அடிப்பகுதியேயாகும். பாடநூல்கள் ‘தரைகீழ்த் தண்டு’ என்ற சொல்லை முன்பே பழக்கிவிட்டமையால், ‘தரைகீழ்க் காம்பு’ என்பது மாணவர்க்கு விளக்கமின்றியே விளங்கும். சற்று நீளம்தான், ‘ஆழ்காம்பு’ என்று சுருக்கலாமென்றாலும், அது ஆழத்தைச் சொல்லுமேயன்றி இடத்தைச் சொல்லாது.

இலங்கையிலிருந்து கிடைத்த புற்றுக்காளான் இனமொன்றுக்கு 1847இல் ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் பெர்க்லி சூட்டிய ‘யூரைசஸ்’ என்ற பெயரே ‘நல்ல வேருடையது’ என்று பொருள்படுகிறதே என ஒருவர் கேட்கலாம். இனப்பெயர் தோற்றத்தைக் கொண்டு அமையலாம். உறுப்பின் பெயருக்கு அந்தச் சலுகையை நான் தரமாட்டேன்.

இது வெறும் சொல்லழகுச் சிக்கலன்று. ‘வேர்’ என்று படிப்பவர், கீரை ஆய்வதுபோல அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மேற்பகுதியை மட்டும் ஆய்வுக்கு அனுப்புவார். அப்படி வந்த மாதிரியில் வித்துத்தூள் இளஞ்சிவப்பாகப் படிவதைக் காணலாம். ஆனால் இளஞ்சிவப்பு வித்துகள் வால்வேரியெல்லா, என்டலோமா ஆகிய பிற காளான் பேரினங்களுக்கும் உண்டு. காம்பு புற்றுவரை சென்றதா என்பது தெரியாவிட்டால் பேரினத்தை உறுதிசெய்வதே கடினமாகும். தென்னிந்தியக் காளான்களை ஆராய்ந்த நடராஜன் 1979இல் விவரித்த ‘ஹைமி’ இனத்தில் காம்பின்மேல் நிலைத்து நிற்கும் வளையம் துணைசெய்கிறது. எல்லா இனங்களிலும் அத்தகைய அடையாளம் கிடைப்பதில்லை. மாறாக, சின்னஞ்சிறு ‘மைக்ரோகார்ப்பஸ்’ இனம், கறையான்கள் வெளியே கொணர்ந்து பரப்பும் தோட்டத் துகள்களிலிருந்து முளைப்பதால் அதற்குத் தரைகீழ்க் காம்பு இல்லை. அந்த இன்மையும் ஓர் அடையாளமே.

‘புற்றுவேர்’ என்ற மாற்றுப் பரிந்துரையையும் ஏற்க இயலவில்லை. ஹைமனோபெல்லிஸ் ராடிகேட்டா என்னும் காளான் மண்ணில் புதைந்த மரத்திலிருந்து இதே வகைக் காம்புடன் எழுகிறது. அங்கே கறையானும் இல்லை, புற்றும் இல்லை.

குடையின் உச்சியில் மண்ணைத் துளைக்கும் கடினமான கூர்நுனிக்குத் ‘துளைமுனை’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன்: “குடையுச்சியில் துளைமுனை தெளிவாக உண்டு, தரைகீழ்க் காம்பு பூஞ்சைத் தோட்டத்துடன் இணைந்தது, முழுமையாகத் தோண்டி எடுக்கப்பட்டது.” இதில் ‘தரைகீழ்க் காம்பு’ என்பதற்குப் பதிலாகப் ‘பொய்வேர்’ என்று இட்டுப் படித்த பின்னும் அதுவே தெளிவாக இருக்கிறது எனக் கருதுவோர், தம் காரணத்தை எழுதுமாறு வேண்டுகிறேன்.