பேட்ஜ் தானாகப் பிரிண்ட் ஆக வழி உண்டா?

ரிசப்ஷன்காரி: வருகிறவர் கம்ப்யூட்டரில் பெயர் தட்டியதும் பேட்ஜ் வரவேண்டும். ஆனால் குரோமில் ஒவ்வொரு தடவையும் பிரிண்ட் பெட்டி எழும்பி, நான் வந்து அழுத்தும்வரை நிற்கிறது. டீ குடிக்கக்கூட எழ முடியவில்லை. விண்டோஸ், பிரதர் லேபிள் பிரிண்டர், 62 மி.மீ. ரோல்.

சிஸ்டம் அட்மின்: குரோமை முழுசாக மூடுங்கள் மேடம். குரோம் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் உள்ள டார்கெட் வரிக் கடைசியில் இடம் விட்டு, இரண்டு ஹைஃபன், அப்புறம் கியோஸ்க்-பிரிண்டிங் என்று ஆங்கிலத்தில் (--kiosk-printing) சேருங்கள். பிரிண்ட் பெட்டி எழும்பாது. லேபிள் பிரிண்டர்தான் டீஃபால்ட்டாக, அதாவது தானாகத் தேர்வாகும் பிரிண்டராக, இருக்கவேண்டும்.

லேபிள் கடைக்காரர்: ரோலை ஜன்னலோரம் அடுக்காதீர்கள். சூட்டில் எழுத்து விழும் தெர்மல் தாள், வெயிலில் கறுத்துவிடும்.

ரிசப்ஷன்காரி: வருகிறது சார்! ஆனால் அக்கவுண்ட்ஸ் ஆள் இதிலிருந்து ஒரு பில் அடித்தார். அடுத்த பேட்ஜ் ஏ4 தாளில் வந்தது.

சிஸ்டம் அட்மின்: கடைசியாக அடித்த பிரிண்டரை விண்டோஸே டீஃபால்ட்டாக மாற்றுகிறது. பிரிண்டர் செட்டிங்கில் 'Let Windows manage my default printer' என்பதை ஆஃப் செய்யுங்கள்.