புதுப்பிப்பு: நெல்லை டவுன் புகைப்பட நடை, எங்கே ஆரம்பிக்கலாம்?

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிப் புகைப்பட நடை கூட்டிட்டுப் போகணும், எங்கே ஆரம்பிக்கலாம், உள்ளே படம் எடுக்கலாமான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நடை நல்லபடியா முடிஞ்சது.

கைகொடுத்தது, "விடியக்காலைல குறுக்குத்துறைக்குப் போயிருங்க"ன்னு சொன்ன அண்ணாச்சியோட யோசனைதான். கோயில்களுக்குள்ள கைபேசிக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டாச்சு. அதனால நெல்லையப்பர் கோயில் மணி மண்டப இசைத் தூண்களைக் கண்ணால பார்த்துக்க வேண்டியதுதான்.

குறுக்குத்துறைல தாமிரபரணிக்குள்ளேயே நிக்கிற முருகன் கோயில்ல, ஈரக் கல்லுமேல முதல் வெயில் விழுற நேரம் அருமை. அடைமழைக் காலத்துல மட்டும் தேதி வைக்காதீங்க. வெள்ளம் வந்தா உற்சவரையே கரைமேல இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. 2023 டிசம்பர்ல கோயிலே முங்கிச்சு.

எதிர்பாராதது ஒண்ணு: படித்துறைல குளிக்கிறவங்க பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாதுன்னு முதல்லயே சொல்லி வச்சிருந்தோம். துணி துவைச்சிட்டிருந்த ஆச்சி ஒருத்தங்க, "என்னைய மட்டும் ஏன் விட்டுட்டிய?"ன்னு கேட்டு, முந்தானையை உதறிச் செருகிட்டு வந்து நின்னாங்க. அன்னைக்கு எடுத்ததுல அதுதான் நல்ல படம்.

ரத வீதிகளுக்குக் கடை திறக்குறதுக்கு முன்னாடியே வந்திருங்க; பைக் நெரிசல் ஆரம்பிச்சா ஒண்ணும் தேறாது. கீழ ரத வீதி அல்வாவுக்குச் சாயங்காலம் தனியா வரணும்.